முத்துப்பேச்சியின் கூறு

ஆனந்தமேரி சொன்னதைக் கேட்டிருந்தால் முத்துப்பேச்சிக்கு அந்தப் பாடு வந்திருக்காது. இரண்டு பேரும் மதுரையில் ஒரே விடுதியில், ஒரே அறையில் தங்கி வாத்தியார் வேலைக்கான பி.டி. படித்தார்கள். ஆனந்தமேரி திண்டுக்கல் டவுன்காரி. முத்துப்பேச்சிக்கு வடமதுரையில் இறங்கி உள்ளே நடந்து போக வேண்டிய செங்குளத்துப்பட்டி. அறுபத்தேழாம் வருசத்துத் தேர்தலுக்கு முந்தின மழைக்காலத்தில், இருபத்தொரு வயசு முடிந்தவர்கள் ஓட்டர் லிஸ்டில் பேர் சேர்க்கலாம் என்று விடுதித் தாழ்வாரத்தில் நோட்டீசு ஒட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் வார்டன் அம்மா விளக்கமும் சொன்னார். இங்கே தங்கிப் படிக்கிறவர்கள் விடுதி விலாசத்திலேயே பேர் கொடுக்கலாம். சொந்த ஊர்தான் வேண்டும் என்றால் அங்கே கொடுக்கலாம். இரண்டு இடத்திலும் கொடுத்தால் குற்றம். பேர் எங்கே இருக்கிறதோ அங்கே நேரில் போய்த்தான் போட வேண்டும், தபாலில் அனுப்புகிற வசதியெல்லாம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கிடையாது.

"இங்கேயே எழுதிக் குடுத்துருடி," என்றாள் ஆனந்தமேரி. "தெரு முக்குல ஸ்கூலு. காலையில போயி போட்டுட்டு வந்து தோசை சாப்டலாம்."

"நீ போடு. எனக்கு எங்க ஊருலதான் போடணும்."

"அங்க என்ன வச்சிருக்கு?"

"எங்க ஊருல காலேசுக்குப் போன பொம்பளப் பிள்ளை நான் ஒருத்திதான். நான் வரிசையில நின்னு ஓட்டுப் போடுறத ஊரு பாக்க வேணாமா?"

ஆனந்தமேரி சிரித்தாள். ஆனால் முத்துப்பேச்சி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்குக் கெத்து அதிகம். அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தக் கெத்து இல்லாவிட்டால் கம்பங்காட்டிலிருந்து மதுரைக் காலேஜ் வரை வந்திருக்கவும் மாட்டாள். பாரத்தை ஊர் விலாசத்துக்குப் பூர்த்தி செய்து அய்யாவுக்கு அனுப்பினாள். அவள் அய்யா மலைச்சாமி அதைத் தாலுகா ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தார். லிஸ்டில் பேரும் வந்துவிட்டது.

அவள் ஆத்தா அய்யம்மாளுக்கு மட்டும் லிஸ்டில் பேர் கிடையாது. சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தேர்தலுக்குப் பேர் எழுத வந்தவர், ஆம்பிளைகள் எல்லாம் தோட்டத்தில் கமலை இறைத்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து வந்தார். "பேரு?" என்றார். சொன்னாள். "புருஷன் பேரு?" என்றார். அய்யம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துபோகும் என்பது அந்த ஊர்ப் பெண்களின் எண்ணம். அய்யம்மாள் மற்றவர்களைவிட ஒரு படி மேலே. புருஷன் பேரில் மலை இருக்கிறது என்பதற்காக மலை என்ற சொல்லையே அவள் வாயில் எடுப்பதில்லை. எல்லா மலையும் அவளுக்குக் கரடுதான். சந்தையில் சிறுமலைப் பழம் வாங்கும்போதும் "கரட்டுப் பழம் ஒரு சீப்பு குடு" என்பாள். கடைக்காரனுக்கும் அது பழகிவிட்டது. பேர் எழுத வந்தவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்தவர்களும் அதே கேள்வியைக் கேட்டு, அதே மாதிரி நடையைக் கட்டினார்கள். மலைச்சாமியும், பொம்பளைக்கு ஓட்டு இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று இருந்துவிட்டார். பதினைந்து வருசம் இப்படியே ஓடிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செங்குளத்துப்பட்டியில் மாசியில் அம்மனுக்குக் கிடா வெட்டுவார்கள். கறியை வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கிற வழக்கம் அங்கே இல்லை. ஆளுக்கு ஒரு கூறு. பனையோலையில் கூறு கூறாக வைத்து, பூசாரி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பட்டாளத்துக்குப் போன பிள்ளைக்கும் மில் வேலைக்குப் போன பிள்ளைக்கும்கூட அதில் ஒரு கூறு உண்டு. வீட்டிலிருந்து யாராவது போய், அந்தப் பிள்ளையின் பேரைக் கூப்பிடும்போது "இருக்கேன்" என்று குரல் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆள் இல்லாமல் ஒரு கூறு கிடந்துபோனால் அந்தப் பிள்ளைக்கும் ஊருக்கும் இருக்கிற பிடி விட்டுப்போகும் என்று பயப்படுவார்கள். முத்துப்பேச்சி மதுரையில் படித்த வருசமெல்லாம் அய்யம்மாள்தான் அவள் பேருக்கு "இருக்கேன்" என்று சொல்லிக் கூறு வாங்கினாள். அதை உப்புக்கண்டம் போட்டு, மதுரைக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவாள். வார்டன் அம்மாவுக்குத் தெரியாமல் அதைச் சுட்டுத் தின்றதில் பாதிக்கு மேல் ஆனந்தமேரி.

தேர்தல் மாசியில் வந்தது. ஆனால் அதே வாரத்தில் முத்துப்பேச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் காட்டுகிற பயிற்சியும் வந்து சேர்ந்தது. லீவு கிடைக்காது என்று நினைத்து, "ஓட்டுப் போட வர முடியாது போலிருக்கிறது" என்று ஊருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டாள். எழுதிய அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவளைப் பார்த்து ஆனந்தமேரிதான் வார்டன் அம்மாவிடம் போய் மன்றாடினாள். ஓட்டுப் போடுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் லீவு கிடைத்தது. இனி கார்டு போட்டு என்ன பிரயோசனம்? நேரிலேயே போய் நின்றுகொள்ளலாம் என்று விடிந்ததும் பஸ் ஏறினாள்.

பஸ் சின்னாளப்பட்டியைத் தாண்டும்வரை நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஊருக்கு ஊர் நின்றது. திண்டுக்கல் ஸ்டாண்டில் வடமதுரைப் பக்கம் போகிற பஸ்ஸைக் காணோம். வேனும் லாரியும் கொடியைக் கட்டிக்கொண்டு ஆட்களை ஏற்றிப் பறந்தன. கட்சிக்காரன் வண்டியில் ஏறினால் நம் ஓட்டு அவனுக்கென்று நினைத்துக்கொள்வான் என்று முத்துப்பேச்சி அதில் ஏறவில்லை. வெயிலில் நின்றாள். ஒரு வழியாக வடமதுரை வந்து இறங்கி, வெங்காயக் காட்டு வரப்பு வழியே குறுக்கு வழியில் நடந்தாள். வீட்டுக்குப் போய் முகம் கழுவக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

அங்கே பெண்கள் வரிசை சின்னதாகத்தான் இருந்தது. "அட, நம்ம முத்துப்பேச்சி!" என்று ஒருத்தி சொல்ல, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இதற்காகத்தானே வந்தாள்? அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. பார்த்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை.

உள்ளே லிஸ்டை வைத்திருந்த குமாஸ்தா, பேரைத் தேடி விரலை ஓட்டி, நின்று, நிமிர்ந்தார்.

"இந்த ஓட்டு விழுந்திருச்சேம்மா."

"எந்த ஓட்டு?"

"முத்துப்பேச்சி. காலையிலேயே போட்டாச்சு. கோடு அடிச்சிருக்கு பாருங்க."

முத்துப்பேச்சிக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் உச்சந்தலை வரை சூடு ஏறியது. "நான் இப்பத்தான் மதுரையில இருந்து வாரேன். நான் போடாம எப்படி விழும்? யாரு போட்டது?" என்று அவள் கேட்டது வெளியே வரிசை வரை கேட்டது.

தலைமை அதிகாரி எழுந்து வந்தார். ராயப்பராஜ் என்று பேர். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். முகத்தில் முதல்நாள் ராத்திரி தூங்காத களைப்பு இருந்தது. அவளை மேசைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தி, கல்லூரி அடையாளச் சீட்டை வாங்கிப் பார்த்தார். வழக்கமாகக் கேட்கிற கேள்விகளைக் கேட்டார்.

"அப்பா பேரு?"

"மலைச்சாமி," என்றாள், கேள்வி முடிவதற்குள்.

ராயப்பராஜ் பேனாவை எடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். காலையில் இதே பேருக்கு வந்த பெண்ணை அவருக்கு ஞாபகம் வந்தது. கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். வயசு கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரிந்தது, ஆனால் லிஸ்டில் வயசு தப்பாக விழுவது புதிதா என்ன? பேர் கேட்டதும் "இருக்கேன்" என்றாள். அப்பா பேர் கேட்டதற்கு மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த உள்ளூர்க் கட்சி ஏஜெண்டு மொக்கைச்சாமிதான், "மலைச்சாமி, சார். கூச்சப்படுது" என்று எடுத்துக்கொடுத்தார். அப்பன் பேரைச் சொல்ல எந்த மகளுக்கும் கூச்சம் வராது. வாய் திறக்காமல் நின்றவள் மகள் இல்லை, பெண்டாட்டி. அவளை ஓட்டுப் போட விட்டது அவர்தான். வேலைக்கே உலை வைக்கிற காரியம்.

"உங்கம்மா வீட்டுலயா இருக்காங்க?" என்று குரலைத் தணித்துக் கேட்டார்.

"ஆமா. அதுக்கும் இதுக்கும் என்ன சார்?"

"வெயில்ல வந்திருக்கீங்க. வீட்டுக்குப் போயி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, பெரியவங்களப் பாத்துட்டு வாங்க. பெறகு பேசிக்குவோம்."

நல்ல மனுசன் சொன்ன நல்ல வார்த்தை. ஆனால் அது முத்துப்பேச்சியின் காதில், மூடி மறைக்கப் பார்க்கிறார் என்றுதான் விழுந்தது.

"சட்டத்துல எனக்கு என்ன வழி இருக்கோ அதச் சொல்லுங்க."

ராயப்பராஜ் பெருமூச்சு விட்டார். ஒரு வழி இருந்தது. அவளுக்கு வேறு சீட்டு தருவார், அவள் சின்னத்தில் முத்திரை குத்தித் தரலாம், ஆனால் அது பெட்டிக்குள் விழாது. தனி உறையில் போய்விடும். கோர்ட்டு கேட்டால் ஒழிய அதை யாரும் எண்ண மாட்டார்கள்.

"எண்ணாத ஓட்டு எனக்கு எதுக்கு?" என்று கேட்டாள். ஆனாலும் போட்டாள். விரலில் மை வைத்தார்கள். ஒரு கனவு மாதிரி நினைத்து வந்த காரியம் மூலையில் ஒரு உறைக்குள் போனதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

இந்த நேரத்தில்தான் பொன்னுத்துரை வாயைத் திறந்தான். அவன் எதிர்க்கட்சி ஏஜெண்டு, பக்கத்து ஊர்க்காரன். காலையில் நடந்தபோது டீ குடிக்கப் போயிருந்தான், அதனால் ஒன்றும் தெரியாது. "சும்மா விடாத தாயி. கள்ள ஓட்டு இது. எழுதிக் குடு. போட்டவ விரல்ல மை இருக்கும்ல, எங்க போயிருவா? போலீசு ஒரு சுத்து சுத்துனா ஆளு சிக்கிரும்," என்றான்.

ஊர் மொத்தமும் ஒரு சின்னத்துக்கு என்று மந்தையில் கூடி முடிவு பண்ணியிருந்தார்கள். மலைச்சாமியும் அதில் ஒருத்தர். முத்துப்பேச்சிக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. பொங்கலுக்கு வந்தபோதே, தன் ஓட்டு மற்ற சின்னத்துக்குத்தான் என்று வீட்டில் சண்டை போட்டிருந்தாள். ஆகவே இது ஊர்க்காரர்கள் வேலைதான் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. மொக்கைச்சாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"தாயி, இத இதோட விட்டுரு. வீட்டுக்குப் போ," என்றார் மொக்கைச்சாமி.

"ஏன் சித்தப்பா? உங்களுக்குத் தெரியுமா யாருன்னு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முத்துப்பேச்சி காகிதம் கேட்டு வாங்கினாள். பி.டி. படிக்கிறவள் அல்லவா, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். என் பெயரில் ஆள்மாறாட்டம் செய்து வாக்களித்த பெண்ணைக் கண்டுபிடித்துச் சட்டப்படி தண்டிக்கவேண்டும் என்று முடித்து, கையெழுத்துப் போட்டு, தலைமை அதிகாரி கையிலேயே கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அய்யம்மாள் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் முறம் ஒரு பக்கம், மொச்சை ஒரு பக்கமாக எழுந்து ஓடிவந்தாள்.

"யாத்தே, வரலைன்னு எழுதிப் போட்டியே! வெஞ்சனங்கூட ஒண்ணும் வைக்கலையே நானு. இரு, இரு, மொதல்ல தண்ணி குடி."

செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். முத்துப்பேச்சி வாங்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். செம்பைப் பிடித்திருந்த இடது கையில், சுட்டுவிரல் நகத்துக்கு மேலே, கறுப்பாக மை.

"ஆத்தா. இது என்ன?"

"எது? இதுவா?" அய்யம்மாளுக்கு வாயெல்லாம் பல். "உன் ஓட்டைப் போட்டுட்டேன்த்தா. நீ வரலைன்னு எழுதவும், கெடந்து வீணாப் போயிருமேன்னு உங்கய்யாதான் போகச் சொன்னாரு. நான் போயி இருக்கேன்னு சொல்லி வாங்கிட்டேன். மெட்ராசுக்கு ஒண்ணு, டில்லிக்கு ஒண்ணுன்னு ரெண்டு சீட்டு குடுத்தாக."

ஆத்தா அவள் பக்கத்தில் வந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்கய்யா ஊருச் சின்னத்துலதான் குத்தணும்னு சொல்லி அனுப்புனாரு. நான் குத்தலை. நீ பொங்கலுக்கு வந்தப்பச் சொன்னேல்ல, அதுலதான் குத்துனேன். ரெண்டுலயும். அவருகிட்டச் சொல்லிப்புடாத."

"ஏன் ஆத்தா?"

"என்ன ஏன்? உன் கூறுல்ல அது? என் இஷ்டத்துக்கு எப்படிக் குத்துறது?"

முத்துப்பேச்சி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்டிக்கவேண்டும் என்று எழுதியபோது பேனாவை எவ்வளவு அழுத்தினாள் என்பது விரலில் இன்னும் வலித்தது. ஆத்தா பதறிப்போய், "என்னத்தா, மயக்கமா?" என்று முந்தானையால் விசிறினாள். முத்துப்பேச்சி சொன்னாள். அழுதுகொண்டே, முன்னுக்குப் பின்னாக, எல்லாவற்றையும் சொன்னாள். அடுத்தவர் பேரில் ஓட்டுப் போட்டால் ஜெயில்கூட உண்டு என்பதையும் சொன்னாள். அய்யம்மாள் விசிறுவதை நிறுத்தினாள்.

"கள்ள ஓட்டுன்னா எழுதுனே?"

"நீன்னு தெரியாது ஆத்தா!"

"நான்னு தெரியாது, சரி. கள்ளி ஒருத்தின்னு எழுதிட்டே."

முத்துப்பேச்சி எழுந்து ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் கழன்றது, அதை எடுக்கவும் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போடுகிற நேரம் முடிந்து, பெட்டிக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் படியில் உட்கார்ந்து பூட்ஸைத் தளர்த்திக்கொண்டிருந்தார். அவள் எழுதிய காகிதம் மேசைமேல் அரக்குக் கட்டியை வெயிட்டாக வைத்துக்கொண்டு கிடந்தது.

"சார், அதக் குடுங்க. தப்பா எழுதிட்டேன். எனக்கு வேணாம்."

ராயப்பராஜ் அவளைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, இரக்கம்தான் வந்தது. அதுதான் அவளை இன்னும் குன்ற வைத்தது.

"அதெப்படி?" என்று பொன்னுத்துரை குறுக்கே வந்தான். "எழுதிக் குடுத்தது குடுத்ததுதான். யாரோ மெரட்டியிருக்கானுக. சார், இத நீங்க மேல அனுப்பணும். இல்லேன்னா உங்க மேலயும் நான் எழுதுவேன்."

"யாரும் மெரட்டலை," என்றது வாசலில் ஒரு குரல். அய்யம்மாள் மூச்சு வாங்க நின்றாள். யாரோ சொல்லித் தோட்டத்திலிருந்து ஓடிவந்த மலைச்சாமி அவளுக்குப் பின்னால் நின்றார். "நான்தான் போட்டேன்."

பொன்னுத்துரை இரண்டடி பின்னால் போனான். இரண்டு ஊருக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. அவன் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறியவள் அவள். "மதினி... நீங்களா? நான் வேற எவளோன்னு..." என்று இழுத்தான். பிறகு ராயப்பராஜைப் பார்த்து, "சார், எதாச்சும் பாத்துச் செய்யுங்க," என்றான். இத்தனை நேரம் சட்டம் பேசியவன்தான்.

ராயப்பராஜ் யோசித்தார். புகாரைக் கிழித்துப்போட முடியாது, கோடு அடித்த லிஸ்டும் தனி உறையும் சாட்சி சொல்லும். ஆனால் ஒரு வழி தெரிந்தது. எல்லாரையும் விட்டால் போதும் என்று அவரும்தான் தவித்தார். லிஸ்டைப் புரட்டி, அந்த வீட்டு நம்பரில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இந்த வீட்டுல அய்யம்மாள்னு ஒரு ஓட்டர் இல்லை. லிஸ்டுல இல்லாத ஆளை எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருக்கணும்னு சட்டமும் இல்லை. நான் இப்படி எழுதிடறேன்," என்று எழுதி, எழுதியதை வாய்விட்டுப் படித்தார். "காலையில் வாக்களித்தது அடையாளம் தெரியாத ஒரு பெண். விசாரித்ததில் இந்த ஊரில் யாருக்கும் அவளைத் தெரியவில்லை. அவ்வளவுதான். ரெண்டு ஏஜெண்டும் கையெழுத்துப் போடுங்க. வடமதுரை போலீஸ் ஸ்டேசன்ல ஃபைல்ல கெடக்கும், ஒரு நாயும் வராது."

மொக்கைச்சாமி விறுவிறுவென்று போட்டார். பொன்னுத்துரையும் பேனாவை வாங்கினான். முத்துப்பேச்சிக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆத்தாவின் கையைப் பிடித்தாள், "வா ஆத்தா, போவோம்."

அய்யம்மாள் நகரவில்லை.

"என்னமோ படிச்சீகளே, திரும்பப் படிங்க."

"அது ஒண்ணுமில்லம்மா. நீங்க வீட்டுக்குப் போங்க."

"யாருக்கும் தெரியாத பொம்பளைன்னு படிச்சீக." அய்யம்மாள் மேசையை நெருங்கினாள். "இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து, மூணு பிள்ளையப் பெத்து, ரெண்டைப் பொதைச்சிருக்கேன். இவரு காட்டுல நான் களை எடுக்காத பாத்தி கெடையாது. என்னைய யாருக்கும் தெரியாதா? கொழுந்தனாரே, உமக்குத் தெரியாது? கையெழுத்துப் போட்டீரே?"

மொக்கைச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏ, வாயை மூடிட்டு வாடி," என்றார் மலைச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு. "தப்பிச்சோம்னு வருவியா, அத விட்டுட்டு."

"களவாணிதான் மொகத்த மறைச்சுக்கிட்டு ஓடுவா. நான் என்னத்தக் களவாண்டேன்? எம்பிள்ளை கூறை வாங்குனேன். வருசா வருசம் நான்தான வாங்குறேன்? என் பேரப் போட்டு எழுதுங்கய்யா."

"ஆத்தா, வேணாம்," முத்துப்பேச்சி கெஞ்சினாள். "கால்ல விழுறேன், வா."

ராயப்பராஜ் லிஸ்டை மூடி வைத்தார். கடைசியாக ஒரு முயற்சி செய்தார். அந்தப் பெண்ணின் வாயை எது அடைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. காலையில்தான் பார்த்தாரே.

"எழுதணும்னா புருஷன் பேரு வேணும். நீங்களே உங்க வாயால சொல்லணும். வேற யாரு சொன்னாலும் எழுத மாட்டேன்."

அய்யம்மாள் தரையைப் பார்த்தாள். முத்துப்பேச்சி கும்பிடாத தெய்வமில்லை. சொல்லாதே ஆத்தா, இன்றைக்கும் சொல்லாதே என்று மனசுக்குள் அரற்றினாள். அய்யம்மாள் திரும்பிப் புருஷனை ஒரு தடவை பார்த்தாள். மன்னிச்சுக்கோ என்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு மேசைப் பக்கம் திரும்பினாள்.

"மலைச்சாமி," என்றாள். "மலைச்சாமி பொண்டாட்டி அய்யம்மா. எழுதுங்க."

மலைச்சாமி அடிபட்டவர் மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டார். படியில் இருந்த போலீஸ்காரர் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் காதில் விழுந்த பிறகு விழாததாக ஆக்க யாராலும் முடியாது. ராயப்பராஜ் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

அந்தத் தொகுதியில் யார் ஜெயித்தார் என்பது இந்தக் கதைக்கு வேண்டியதில்லை. ஆத்தாவும் மகளும் குத்தியது ஒரே சின்னம். எண்ணினது ஆத்தா குத்தியதை. கேஸ் திண்டுக்கல் கோர்ட்டில் வெயில் காலம் முழுக்க இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முத்துப்பேச்சி மதுரையிலிருந்து வந்தாள். சாட்சிக் கூண்டில் ஏறி, இது நான் எழுதிய புகார்தான், என் கையெழுத்துதான் என்று அவளே சொல்ல வேண்டியிருந்தது. ராயப்பராஜும் வந்தார். அவருக்கு மேலே இருந்து மெமோ வந்திருந்தது, ஆனால் அவர் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. மலைச்சாமி ஒரு நாளும் கோர்ட்டுக்கு வரவில்லை. வீட்டிலும் பெண்டாட்டியோடு பேச்சில்லை. கூண்டில் நின்ற அய்யம்மாளிடம் கோர்ட்டுக் குமாஸ்தா புருஷன் பேர் கேட்டபோது, அவள் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. சொன்னாள். அபராதத்தோடும், இனி இப்படிச் செய்யக்கூடாது என்ற கண்டிப்போடும் ஜட்ஜ் விட்டுவிட்டார்.

தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். எதிரே வெயிலில் மலைக்கோட்டை கொதித்துக்கொண்டிருந்தது. முத்துப்பேச்சியின் விரலில் மை போய் நகம் புதிதாக வளர்ந்திருந்தது. ஆத்தாவின் விரலிலும் அப்படித்தான். வடமதுரை பஸ் வர நேரமிருந்தது.

"அதுல என் பேரு இருக்கா?" என்று கேட்டாள் அய்யம்மாள்.

"இருக்கு ஆத்தா."

"எங்க, காட்டு."

முத்துப்பேச்சி காகிதத்தை மடியில் விரித்து, குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்கு எதிரி என்று போட்டிருந்த வார்த்தையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் இருந்த பேரைக் காட்டினாள். சர்க்கார் காகிதத்தில் ஆத்தாவின் பேர் ஏறியது அதுதான் முதல் தடவை. ஏற்றிவிட்டது முத்துப்பேச்சி எழுதிய புகார். அவள் கண்ணிலிருந்து சொட்டிய நீர் காகிதத்தில் விழுந்தது, அய்யம்மாள் அவசரமாக முந்தானையால் ஒற்றினாள்.

"அழியாமப் பாருடி," என்றாள். பிறகு அந்த எழுத்துகளை விரலால் தொட்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்று கேட்டாள். "இம்புட்டுத்தானா நானு?"